காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும்

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றி மூன்றாம் நாள். மாடவீதிகளில் கூட்டம் இன்னும் வடிந்தபாடில்லை. நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதந்தோறும் கூடும் நம் இலக்கியக் குழு அன்றும் கூடியிருந்தது. முல்லைத்திணை பற்றிக் கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த தில்லி நண்பர் மட்டும் வந்து சேரவில்லை. தில்லியிலிருந்து அன்று நள்ளிரவு வரை புறப்பட வேண்டிய இண்டிகோ நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்கள் யாவும் இரத்தாகியிருந்தன. விமான நிலையத் தரையில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.

கட்டுரை இல்லாத கூட்டம் எப்படிப் போகுமோ அப்படியே போயிற்று. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவரும் நம் குழுவில் மிகுதியாக வாசிப்பவருமான நண்பர் ஒருவர் தொடங்கினார்: "மாதம் இலட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வு வேண்டுமாம்! இராத்திரியில் இரண்டு முறைக்குமேல் தரையிறக்க மாட்டானாம்! இவர்கள் சொகுசுக்கு நாம் தெருவில் நிற்க வேண்டுமா?" அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்துத் தொலைத்தோம். அன்று சிரித்ததற்குக் கழுவாயாகவே இதை எழுத நேர்கிறது.

முதலில், நண்பர் தவறாகப் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுவோம். அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் விமானிகள் திடீரென்று கொடிபிடித்துக் கேட்டது அன்று. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரி 8 அன்று வெளியிட்ட விதி அது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரமாயிற்று; இரவு என்பதன் எல்லை காலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை நீட்டப்பட்டது; இரவுப் பணியில் ஆறு வரை போகக்கூடிய தரையிறக்கங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. 2024 ஜூனில் நடைமுறைக்கு வரவேண்டியது, நிறுவனங்களின் முணுமுணுப்பால் தள்ளிப்போய், நீதிமன்றப் படியேறி, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு தவணைகளில் வந்தது. ஆக, நிறுவனங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான அவகாசம் இருந்தது. இருந்தும் டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் இண்டிகோவின் 2,507 விமானங்கள் இரத்தாயின, 1,852 தாமதமாயின, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்லலுற்றனர். பின்னர் நடந்த விசாரணை குறை கண்டது நிறுவனத்தின் திட்டமிடலில்தான். ஆளையும் இயந்திரத்தையும் கடைசிச் சொட்டு வரை பிழியும்படி பணிப்பட்டியல் போட்டதும், இடருக்கென்று இருக்க வேண்டிய இடைவெளியை விட்டுவைக்காததுமே காரணம் என்றது. உறங்கப் போன விமானியைக் குற்றவாளி என்று அது சொல்லவில்லை.

ஆனால் நாம் பேச வந்தது அந்த மூன்று நாட்களைப் பற்றியன்று. அந்த நாட்களில் எல்லாரும் கண்ணில் படாமலே கடந்துபோன ஒருவனைப் பற்றி: "ரிசர்வ்" என்றும் "ஸ்டாண்ட்பை" என்றும் சொல்லப்படும் காத்திருப்பில் வைக்கப்பட்டிருக்கும் புதிய துணை விமானியைப் பற்றி.

அப்படி ஒருவனை நாம் அறிவோம். நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தியின் தம்பி. செங்கம் பக்கத்துச் சிற்றூர். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவன். ஆடிப்பட்டத்துக்கு உழுதுகொண்டிருந்த நிலத்தில் பாதியை விற்றும், மீதியை வங்கியில் வைத்தும் அவன் தந்தை அவனைப் படிக்க வைத்தார். வணிக விமானி உரிமம் பெற இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு. அது முடிந்தபின் இன்ன வகை விமானத்தை ஓட்டவல்லவன் என்னும் 'டைப் ரேட்டிங்', அதற்கும் காசு. எல்லாம் கூட்டினால் ஐம்பது இலட்சத்தைத் தாண்டி ஒரு கோடியை எட்டிப் பார்க்கும் செலவு. இவ்வளவும் கட்டிய பிறகு வேலை உறுதியா என்றால், அதுவுமில்லை. 2012இல் கிங்ஃபிஷர் முடங்கியது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் திவாலுக்கு மனுச் செய்தது. ஒவ்வொரு முறையும் அனுபவம் மிக்க விமானிகள் தெருவுக்கு வந்து, உரிமத்தை மட்டும் கையில் வைத்திருந்த இளைஞர்களின் வரிசைக்கு முன்னால் போய் நின்றார்கள். நம் இளைஞன் அந்த வரிசையில் மூன்று ஆண்டு நின்றான்.

வேலை கிடைத்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். வடக்கே ஒரு பெருநகரில், விமான நிலையத்துக்கு அருகில், மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அறை. சென்ற கோடையில் தந்தைக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது நான்கு நாள் விடுப்பில் வந்தவன், ஒரு மாலையில் நம்மைப் பார்க்க வந்தான். மேசையில் கைபேசியை வைத்தான். எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். மறுபடி மேசையில் வைத்தான். "யாரிடமிருந்தாவது அழைப்பு வரவேண்டுமா தம்பி?" என்றோம். "இல்லை ஐயா, பழக்கம்" என்றான்.

பிறகு மெல்லச் சொன்னான். காத்திருப்பு நாளென்றால் சீருடையைத் தேய்த்துக் கதவில் மாட்டிவிட வேண்டும். அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே நகரின் மறுகோடிக்குப் போக முடியாது, திரைப்படம் பார்க்க முடியாது, குளிக்கும்போதும் கைபேசி குளியலறை வாசலில் இருக்க வேண்டும். வயிற்றைக் கெடுக்கும் எதையும் தின்னக் கூடாது. இருமல் மருந்து குடிப்பதற்கும் யோசிக்க வேண்டும். தாய் அழைத்தால் இரண்டு நிமிடத்துக்குமேல் பேச்சு நீளாது. தொடர்பு காலியாக இருக்க வேண்டும். அம்மா இதைக் கோபமென்று எடுத்துக்கொள்கிறார் என்று சொல்லிச் சிரித்தான்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெரிது உறக்கம். காலை நான்கு மணிக்குக் காத்திருப்புத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரைக்கு விழித்துவிடுகிறான். ஐந்து, எட்டு, பத்து என்று மணி போகிறது, அழைப்பு இல்லை. படுத்தால் உறக்கம் வராது, ஏனெனில் காது கைபேசியில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு அழைப்பு. பணி முடிந்து, ஏதோவொரு ஊரின் விடுதிக் கட்டிலில் சாயும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். தாளில் பார்த்தால் அவன் காலையெல்லாம் வீட்டில் 'ஓய்வாக' இருந்தவன். மெய்யில் இருபது மணி நேரம் விழித்திருந்தவன். அடுத்த வாரம் இதே காத்திருப்பு மாலையில் தொடங்கும். உடம்பு எந்த இரவை இரவென்று நம்புவது? "பறப்பதில் களைப்பே இல்லை ஐயா. பறக்காத நாளில்தான் களைத்துப்போகிறேன்" என்றான். இந்த ஒரு வாக்கியத்தை நம் குழுவில் அன்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரிப்பு எழுந்திராது.

ஏன் இவன் தலையில் இது விழுகிறது? விமானத் தொழிலில் எல்லாம் மூப்பின்படிதான். நல்ல பாதை, நல்ல நேரம், பண்டிகை விடுப்பு என்று மேலேயிருந்து எடுத்துக்கொண்டே வந்து, மிஞ்சியது கடைசியில் சேர்ந்தவனுக்கு. பந்தியில் கடைசி இலைக்குச் சாம்பார் வண்டல் வருவதைப் போல. மூத்தவர்கள்மீது நமக்கு இதில் மனக்குறை இல்லை; அவர்களும் அந்த இலையில் உண்டு வந்தவர்கள்தாம். ஆனால் வண்டலை உண்பவனைப் பார்த்து "விருந்துச் சாப்பாடு" என்று பொருமுவதுதான் பொறுக்கவில்லை.

சம்பளத்துக்கு வருவோம், நண்பரின் பிரம்மாஸ்திரம் அதுதானே. அவன் வாங்குவது கல்லூரி ஆசிரியர் பலர் வாங்குவதைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பகுதி நிலையானது. மறுபகுதி பறந்த மணிக்கணக்கில் வருவது. பறந்தால்தான் காசு என்னும் முறையில், பறக்கக் காத்திருப்பவனின் நேரம் காசாவதில்லை, அல்லது அரைகுறையாகவே ஆகிறது. இது கற்பனையன்று. 2024இன் தொடக்கத்தில் ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த விஸ்தாரா நிறுவனம், 70 மணி நேரப் பறப்புக்கு உறுதியளித்திருந்த ஊதியத்தை 40 மணி நேரத்துக்கு என்று மாற்றும் புதிய ஒப்பந்தத்தை முன்வைத்தது. அடிபட்டவர்களில் முதல்வர்கள் துணை விமானிகள். அந்த ஏப்ரலில் விமானிகள் பற்றாக்குறையால் விமானங்கள் அடுக்கடுக்காக இரத்தாகி, நிறுவனம் தன் சேவையில் ஏறக்குறையப் பத்து விழுக்காட்டைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டி வந்ததை நாளிதழ் வாசிக்கும் எவரும் மறந்திருக்க முடியாது. நம் இளைஞனின் கையில் நிற்கும் பணத்திலிருந்து வங்கித் தவணை முதலில் போகும். பறப்பு குறைந்த மாதத்திலும் தவணை குறைவதில்லை.

பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாமே என்பார் நண்பர். போக முடியாது. 2017 முதல் துணை விமானி ஆறு மாதமும் தலைமை விமானி ஓர் ஆண்டும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே விலக வேண்டும் என்பது அரசு விதி. வங்கியில் நண்பர் விருப்ப ஓய்வு பெற்றபோது எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்தார் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு கேள்வியும் அன்று எழுந்தது: மருத்துவரும் செவிலியரும் படைவீரரும் காத்திருக்கவில்லையா? காத்திருக்கிறார்கள். அவர்களையும் இப்படித்தான் வாட்டுகிறோம் என்பதுதானே இதற்குப் பொருள்? ஒரு தவற்றுக்கு இன்னொரு தவறு சாட்சி சொல்ல வருவது நம் நாட்டு விவாதங்களுக்கே உரிய அழகு.

உறக்கமின்மை ஏதோ தனிமனிதச் சௌகரியம் பற்றிய பேச்சு என்று எண்ணுவோர்க்கு மங்களூரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2010 மே 22. துபாயிலிருந்து அதிகாலையில் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டுநில ஓடுதளத்தைத் தாண்டி விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேர் பிழைத்தனர். அந்தப் பறப்பின் பெரும்பகுதி நேரம் தலைமை விமானி உறங்கிக்கொண்டிருந்ததை விசாரணை கண்டது. ஒலிப்பதிவுக் கருவியில் குறட்டை பதிவாகியிருந்தது. உறக்கத்திலிருந்து விழித்தவரின் மந்தம், தவறான முடிவு. மேலெழும்பி மறுபடி சுற்றி வரலாம் என்று துணை விமானி கூறியதும் பதிவாகியிருக்கிறது, கேட்கப்படவில்லை. இளையவன் குரலுக்கு விமானி அறையில் எவ்வளவு மதிப்பு என்பதற்கும் அதுவே சான்று. களைத்துவிட்டேன் என்று எழுதித்தர விதியில் இடமிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவன், மூன்று ஆண்டு வரிசையில் நின்றவன், நிலத்தை அடகு வைத்தவனின் மகன் எழுதித் தருவானா?

அமெரிக்காவும் இப்படி ஒரு சாவுக்குப் பிறகுதான் விழித்தது. 2009 பிப்ரவரி 12 அன்று நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம் விழுந்து, தரையிலிருந்த ஒருவரையும் சேர்த்து ஐம்பது பேர் இறந்தனர். இருபத்துநான்கு வயதுத் துணை விமானிப் பெண், பணியிடத்துக்கு அருகில் குடியிருக்கக் கட்டாமல் நாட்டின் மறுகோடியிலிருந்த பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் பயணம் செய்து வந்தவர். பணியாளர் அறையில் இருக்கையில் சாய்ந்து கண்ணயர்ந்தவர். அவருடைய சொற்பச் சம்பளம் அந்நாட்டில் பெரும் பேச்சாயிற்று. இறந்தோரின் குடும்பத்தார் விடாது போராடியதன் பயனாக 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, காத்திருப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது: அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் 14 மணியைத் தாண்டக் கூடாது, இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில், காத்திருக்கத் தொடங்கிய நொடியிலிருந்து 16 மணி நேரத்துக்குள் பணியும் முடிந்தாக வேண்டும். சரக்கு விமானிகளை அந்த விதியிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பது தனிக்கதை. பெட்டிகளுக்கு உயிரில்லை என்று நினைத்தார்கள் போலும், ஓட்டுகிறவனுக்கு இருப்பதை மறந்து.

நம் நாட்டில் என்ன நடந்தது? விடுப்பு நாளை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியை, 2025 டிசம்பர் 5 அன்று, அதாவது நாம் மாடியில் சிரித்துக்கொண்டிருந்த அதே நாளில், இயக்குநரகம் திரும்பப் பெற்றது. இரவுப் பணி வரம்புகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட தண்டம் 22.20 கோடி ரூபாய். பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவர்கள் மிகுந்துவிட்டால் மணியடிக்கும் நேரத்தையே தள்ளி வைப்பதுபோல இருக்கிறது இது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலக்கியம் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் காத்திருத்தலைத் திணையாக்கிக் கொண்டாடுபவர்கள். இருத்தல் முல்லையின் உரிப்பொருள் என்று இருபது ஆண்டாக வகுப்பில் சொல்லிவருகிறோம். அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்கிறோமா? கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்று தலைவன் சொல்லிச் செல்கிறான். முல்லை பூக்கிறது, கொன்றை மலர்கிறது, மேகம் இறங்குகிறது. அவள் நாளை எண்ணலாம், சுவரில் கோடிடலாம், காலம் பொய்த்தால் தோழியிடம் புலம்பலாம். குறியில்லாத காத்திருப்பை நம் முன்னோர் இலக்கணமாக்கவில்லை. நாளை காலை நான்கு மணிக்கு எழுப்பப்படுவோமா, எழுப்பப்படவே மாட்டோமா என்று அறியாத இருப்புக்கு எந்தப் பூவும் மலர்ந்து குறி சொல்லாது.

அதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. முல்லைப் பாட்டுகளில் தலைவன் ஓயாது பேசுவது யாரிடம்? பாகனிடம். விரைந்து செலுத்து, அவள் வாடியிருப்பாள், மாலைக்குள் ஊர் சேர வேண்டும் என்று. அகநானூற்று முல்லைப் பாட்டொன்றில் பூவில் துணையோடு இருக்கும் வண்டு வெருளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான் தலைவன். அந்த நுண்ணுணர்வைச் சொல்லும்போது வகுப்பறையில் நம் குரல் தழுதழுக்கும். வண்டுக்கு இரங்கியவன், பாகனே நீ நேற்று உறங்கினாயா என்று கேட்கவில்லை. பாகனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கும் ஒருத்தி இருந்திருப்பாள். நாம் பாடம் நடத்திய முல்லைப் பாட்டு எதிலும் அவள் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் நாம் தேருக்குள் அமர்ந்துகொண்டு "விரைந்து செலுத்து" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த டிசம்பர் மாலையில்தான் நமக்கே உறைத்தது.

இவ்வூரில் இருப்பவர்க்கு இது புரிய வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் வலம்வரும் இலட்சக்கணக்கானோரை ஏற்றி இறக்க வரும் சிறப்புப் பேருந்துகளின் ஓட்டுநர்கள் தற்காலிகப் பேருந்து நிலையங்களில், வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பதை நள்ளிரவில் நடப்பவர் யாரும் காணலாம். எப்போது வண்டி எடுக்கச் சொல்வார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. சொந்தத் துறையையே எடுத்துக்கொள்ளுங்களேன். அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரில் ஆண்டில் பதினோரு மாதம் ஊதியம் பெற்று, மே மாதம் அடுப்பெரிக்க வழி தேடி, ஜூனில் அழைப்பு வருமா என்று காத்திருப்போர் எத்தனை பேர்! பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. நாமும் அப்படிக் காத்திருந்த கோடைகள் உண்டு. 'கௌரவ' என்ற சொல்லைச் சூட்டியவர் நகைச்சுவையாளராகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே விமானி வேறு வர்க்கம், நமக்கென்ன என்று ஒதுங்க நமக்கு உரிமையில்லை. கேட்க வேண்டியவை எளியவை. காத்திருக்கும் நேரம் உழைக்கும் நேரமே என்று கணக்கிலும் ஊதியத்திலும் ஏறட்டும். பணி நேர வரம்பு, கைபேசியின் முன் உட்காரத் தொடங்கிய மணியிலிருந்து எண்ணப்படட்டும். இந்த வாரம் விடியல், அடுத்த வாரம் நடுநிசி என்று உடம்பைப் பம்பரமாக்காதிருக்கட்டும். களைப்பை எழுதித் தருபவனின் பெயர் அவன் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவரின் மேசைக்குப் போகாதிருக்கட்டும். இவற்றால் பயணச்சீட்டின் விலை சற்று ஏறலாம். ஏறட்டும் என்றே சொல்வோம். தில்லி நண்பர் தரையில் கிடந்த இரண்டு இரவுகளின் விலையும் சேர்த்துத்தான் மலிவுச் சீட்டு மலிவாக இருந்தது.

அந்த வாரம் நம் இளைஞன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று பின்னர் கேட்டறிந்தோம். தீபத்துக்கு ஊர் வர விடுப்புக் கேட்டுக் கிடைக்காமல், காத்திருப்பில் இருந்திருக்கிறான். ஒரே ஒரு நாள் அழைத்திருக்கிறார்கள். சீருடையோடு விமான நிலையம் போய், பயணிகளின் வசவுகளுக்கிடையே உள்ளே நுழைந்து, ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து, விமானம் இரத்து என்று அறைக்குத் திரும்பியிருக்கிறான். அக்கா கைபேசியில் அனுப்பிய மலையுச்சித் தீபத்தின் படத்தை அங்கே உட்கார்ந்துதான் பார்த்தானாம்.

வங்கி நண்பர் இதை மறுப்பாரெனில் எழுதட்டும், வரவேற்போம். தில்லி நண்பர் முல்லைத்திணைக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இளைஞனையும் அழைத்திருக்கிறோம். அன்று அவனுக்கு ஓய்வு நாளா, காத்திருப்பு நாளா என்பது இதை எழுதும் வரை அவனுக்குத் தெரியவில்லை.